காலாங் ஆற்றுக்குக் கிடைத்த நூறு மீட்டர்

சிங்கப்பூரின் காலாங் ஆறு லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, சுமார் 10 கிலோமீட்டர் ஓடி, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1960, 70களில் நகரம் அடிக்கடி வெள்ளத்தில் மிதந்தது. மழைநீரை எவ்வளவு வேகமாகக் கடலுக்குத் தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அன்றைய பொறியியல் கணக்கு. அந்தக் கணக்கின்படி ஆற்றின் பெரும்பகுதி நேராக்கப்பட்டு, கான்கிரீட் கால்வாயானது. வெள்ளம் குறைந்தது, ஆறு செத்தது. மழையற்ற நாளில் அகன்ற கான்கிரீட் தரையின் நடுவே மெலிந்த ஓடை. மழை கொட்டினால் ஆளையே அடித்துச் செல்லும் வேகம். வேர் பிடிக்க மண் இல்லை, மீன் ஒதுங்க நிழல் இல்லை. ஆற்றின் வழியிலுள்ள பீஷான் பூங்காவை ஒட்டியே கால்வாய் ஓடியும், இரண்டுக்கும் நடுவே வேலி நின்றது.

2008இல் மரினா தடுப்பணை எழுந்ததும் அந்தப் பழைய கணக்கு பொருந்தாமல் போனது. கடலில் கலந்துகொண்டிருந்த நீர் இப்போது நன்னீர்த் தேக்கத்தில் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. குடிக்கப்போகும் நீரைச் சாக்கடைபோல் விரட்ட முடியாது. தடுப்பணைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, நாட்டின் நீர் நிர்வாக அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம், கால்வாய்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் நெருங்கக்கூடிய உயிருள்ள நீர்நிலைகளாக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பீஷானில் பூங்காவும் பழையதாகியிருந்தது, கால்வாயும் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றாகவே செய்யத் தேசியப் பூங்காக் கழகம் கைகோத்தது. வடிவமைப்பு ஜெர்மானிய நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்டலின் நிறுவனத்துடையது.

கால்வாய் உடைக்கப்பட்டது. நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர், வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாயிற்று. கரைகளைத் தாங்குவது கான்கிரீட் சுவர் அல்ல. பாறை, மண், நார்விரிப்பு, அவற்றைப் பின்னிப் பிடிக்கும் வேர்கள். வெப்பமண்டல மழைக்கு இந்த உத்தி தாங்குமா என்ற ஐயம் இருந்ததால், பல முறைகளை முதலில் ஒரு சிறு வடிகாலில் சோதித்துப் பார்த்தார்கள். உடைத்த கான்கிரீட் பலகைகளும் வீணாகவில்லை. பூங்காவுக்குள் ஒரு குன்றாகக் குவிந்தன. 2012இல் 62 ஹெக்டேர் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது.

இவை அனைத்திலும் முக்கியமானது அகலம். பழைய கால்வாய் 17 முதல் 24 மீட்டர் வரைதான் அகலம். புதிய ஆறு பெருமழையின்போது ஏறக்குறைய 100 மீட்டர் வரை பரவலாம். நீர் கடத்தும் திறன் சுமார் 40 சதவீதம் கூடியது. வறண்ட நாளில் பிள்ளைகள் ஓடும் புல்வெளி, மழைநாளில் ஆற்றின் படுகை. நீர்மட்டம் ஏறினால் உணர்கருவிகள் கண்டறிய, எச்சரிக்கை ஒலி எழும். மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுகிறார்கள். கரையில் மரம் நட்டு, நடைபாதை போட்டு, அதையே ஆற்று மீட்பு என்று அழைக்கும் நகரங்கள் ஏராளம். நிலத்தை விட்டுக்கொடுக்காத மீட்பு வெறும் அலங்காரம். இயற்கையின் குரலைக் கேட்பது என்றால், ஆறு பெருகிவரும்போது ஒதுங்கி நிற்பதும்தான்.

இடம் கிடைத்ததும் உயிர்கள் வந்தன. தும்பிகள், மீன்கள், கொக்குகள், நாரைகள். 1970களில் சிங்கப்பூரிலிருந்து மறைந்து, 1990களின் இறுதியில் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் மீண்டும் தலைகாட்டிய நீர்நாய்களில் ஒரு குடும்பம் 2014 வாக்கில் பீஷானில் குடியேறியது. மறு ஆண்டு ஆற்றோடு இறங்கி மரினா விரிகுடாவரை போனது. தீவின் பிற இடங்களிலும் நீர்நாய்கள் பெருகின. சில வீடுகளின் குளங்களில் ஆசையாய் வளர்த்த கோய் மீன்களை அவை தின்றுவிட, புகார்களும் எழுந்தன. அதற்குக் கிடைத்த பதில் அவற்றைக் கூண்டோடு ஒழிப்பதாக இல்லை. குளங்களுக்கு வேலி போடும் யோசனை, பார்வையாளர்களுக்கான அறிவுரை, தன்னார்வலர்களும் அரசு அமைப்புகளும் சேர்ந்த ஒரு பணிக்குழு என்று ஏற்பாடுகள் அமைந்தன. இந்தப் பொறுமை கட்டுமானத்துக்கு இணையான சாதனை.

ஆற்றுக்கு இடம் விடுவது பீஷானில் எளிதாயிருந்தது. பூங்கா நிலம் ஏற்கெனவே அரசின் கையில் இருந்தது; எந்த வீட்டையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. காலாங் ஆற்றின் மற்ற பகுதிகளில் குடியிருப்புகளும் சாலைகளும் கரைவரை நெருங்கி நிற்கின்றன. அங்கே நூறு மீட்டர் அகலம் கிடைக்காது. அந்தப் பகுதிகளுக்கான யோசனைகளை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் பொதுமக்களின் கருத்துக்கு வைத்தது.