திரும்பவும் எதற்குப் படம்?

கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு எமது மக்களுடன் செல்லும் நாட்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சாமி, போன மாசந்தானே படம் புடிச்சாங்க, திரும்பவும் எதுக்கு?" காணியையும் வீட்டையும் விட்டு வந்து, பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்பவர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் பதில் கிடைக்காத காரணத்தால் சிலர் அடுத்த தவணைக்கு வராமலே நின்றுவிடுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விளக்கி எழுதுகிறோம்.

படங்கள் எல்லாம் ஒன்றல்ல. 1895இல் ஜெர்மனிய விஞ்ஞானி றொண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே, எலும்பையும் நெஞ்சையும் நிழல்போல் காட்டும். மார்பகத்துக்கென எடுக்கப்படும் மமோகிராம் படமும் எக்ஸ்ரே வகையே. 1971இல் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்ட சீ.ரீ. ஸ்கேனும் அதே கதிரைக் கொண்டுதான் வேலை செய்கிறது. ஆனால் ஒரு றாத்தல் பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல உடலின் உள்ளே காட்டும். வயிற்றில் பசை பூசிப் பார்க்கும் அல்ட்ராசவுண்டுக்குக் கதிர் இல்லை, ஒலி மட்டுமே. எம்.ஆர்.ஐ.க்குக் காந்தம். ஒன்று காட்டாததை மற்றது காட்டும். இன்னொன்று: பெரும்பாலும் படம் சந்தேகத்தைத்தான் எழுப்பும், அது புற்றுநோயா அல்லவா என்று உறுதியாகச் சொல்வது சதைத்துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனையே. நோய் உறுதியான பின் எவ்வளவு பரவியுள்ளது, மருந்துக்குக் கட்டி சுருங்கியதா என்று அறிய மீண்டும் படம் வேண்டும். முதல் படத்தோடு ஒப்பிடாமல் இதைச் சொல்ல முடியாது.

பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அணுமருத்துவப் பிரிவு இருக்கிறது. எலும்பு ஸ்கேனுக்கு நரம்பில் ஏற்றப்படும் டெக்னீசியம் என்ற மருந்தைப் பற்றி எமது லயங்களில் உலாவும் கதைகள் பல. ஊசி போட்டால் நோய் பரவும் என்பது அவற்றுள் ஒன்று. உண்மையில் அம்மருந்தின் கதிர்வீச்சு 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், சிறுநீரோடும் வெளியேறும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனாலேயே. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஊசிக்கு முன்னரே தம் நிலையைச் சொல்லிவிட வேண்டும். சீ.ரீ. ஸ்கேனுக்குச் சாய மருந்து ஏற்றுவதானால் சிறுநீரக வருத்தம், ஒவ்வாமை, சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் குளிசை ஆகியவற்றையும் மறைக்காமல் கூறுங்கள்.

கதிர்ச் சிகிச்சைக்கு முன்னர் எடுக்கும் ஸ்கேன் நோயைத் தேடுவதற்கல்ல, கதிர் எங்கே விழ வேண்டுமென்று அளப்பதற்கு. அப்போது தோலில் மையால் அடையாளம் இடுவார்கள். எமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், டொக்டரிடம் அழுக்கோடு போகலாமா என்று, பீலியில் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து அத்தனையையும் கழுவிவிட்டார்! மறுபடியும் அளக்க வேண்டியதாயிற்று. அவரைக் குறை சொல்வதற்கில்லை. மை எதற்கென்று அவருக்குப் புரியும் மொழியில் எவரும் சொல்லவில்லை.

மொழி என்றதும் இன்னொன்று. ஸ்கேன் எந்திரத்துள் படுத்திருக்கையில் "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை எடுங்கள். "ஹுஸ்ம அல்லன் இன்ன" என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருங்கள். இவ்விரண்டையும் தெரிந்து செல்லுங்கள். மூச்சு அசைந்தால் படம் கலங்கும்.

சிலரை மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு 'பெட்' ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். புற்றுக் கலங்கள் பெரும்பாலும் சீனியை அதிகமாக உறிஞ்சும். எனவே கதிர்வீச்சுள்ள சீனியை ஏற்றி, அது எங்கே சேர்கிறதென்று படம் பிடிக்கிறார்கள். அதற்காக வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். அந்த எந்திரத்துக்காக 2016இல் கதீஜா பவுண்டேஷன் நிதி திரட்டியபோது, இன மத பேதமின்றிச் சாதாரண மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்ததே சுமார் 20 கோடி ரூபாவாயிற்று.

கடைசியாகப் படங்களைப் பற்றி. தற்காலிகக் குடிலில் வாழ்ந்த ஒரு தாய் தன் படங்களைச் சுருட்டிக் கூரை மரத்தில் செருகி வைத்திருந்தார். மழை ஒழுகி அவை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. ஒப்பிட ஏதுமின்றி, புதிதாகப் படம் எடுக்கத் தவணை பெற்று அவர் காத்திருந்தது ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் கட்டி சும்மா இருக்கவில்லை. சில வைத்தியசாலைகளில் படம் கணினியில் இருக்கலாம். வேறிடத்துக்கு மாறும்போது கையிலுள்ளதே துணை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறோமல்லவா? கிளினிக் கொப்பி, அறிக்கை, படம் மூன்றையும் தடித்த பொலித்தீன் பையிலிட்டு, அவற்றோடு சேர்த்தே வையுங்கள். குடியிருக்கும் இடம் மாறினால் அடுத்த கிளினிக்கிலேயே புதிய விலாசத்தையும், எப்போதும் எடுக்கக்கூடிய ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.