பாக்கி என்ன?

நம் இல்லங்களில் ஆங்கிலச் சொற்கள் புழங்காத நாளில்லை. மாப்பிள்ளைக்குப் 'பர்மனெண்ட்' வேலைதானா என்று பெண் வீட்டார் விசாரிக்கின்றனர். 'லைஃபில் செட்டிலாக வேண்டும்' என்று பிள்ளைகள் கூறுகின்றனர். இச்சொற்கள் நிலைபேற்றுக்கு உறுதி தருவனபோல் நம் செவியில் விழுகின்றன. ஆனால், அவற்றின் பிறப்பை ஆராய்ந்தால் அவை வேறு செய்தி சொல்வதைக் காண்பீர்கள்.

'பர்மனெண்ட்' லத்தீனிலிருந்து வந்த சொல். முடிவுவரை தங்கியிருத்தல் என்பதே அதன் மூலப்பொருள். தங்குதல் என்னும் அதே வினையடியில் பிறந்த இன்னொரு சொல் 'மேன்ஷன்'. அதன் லத்தீன் மூலச்சொல், ரோமானியர் காலத்து நெடுஞ்சாலைகளில் பயணிகள் இரவு தங்கிய விடுதியையும் குறித்தது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் சில ஆண்டுகள் தங்கிச் சென்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நிரந்தரம் என்று நாம் நம்பும் சொல்லும் வழிப்போக்கர் விடுதியும் ஒருதாய் மக்கள்! உலகில் ஓர் அந்நியரைப்போல், அல்லது வழிப்போக்கரைப்போல் வாழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியது புகாரியில் பதிவாகியுள்ளது.

சொந்த வீட்டுக்காக வாங்கும் அடமானக் கடனை ஆங்கிலத்தில் 'மார்ட்கேஜ்' என்பர். பழைய பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் 'இறந்த பிணை'. நிலையான கூரையை நாடி வட்டிக் கடனில் இறங்குவோர், அச்சொல்லுக்குள்ளேயே மரணம் அமர்ந்திருப்பதைச் சிந்திக்க வேண்டாமா?

'லைஃப்' என்ற சொல்லின் வேர் இன்னும் வியப்பானது. ஒட்டியிருத்தல், எஞ்சியிருத்தல் என்பதே அவ்வேரின் கருத்து என்று மொழியறிஞர்கள் கூறுகின்றனர். விட்டுச் செல்லுதலைக் குறிக்கும் 'லீவ்' என்னும் வினைச்சொல்லும் அதே வேரினது. (நாம் எடுக்கும் விடுமுறை 'லீவு' வேறு சொல்.) எஞ்சுவதும், விட்டுச் செல்வதும் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன!

எஞ்சுவதை அரபியில் 'பாகீ' என்பர். என்றும் நிலைத்திருப்பவன் என்ற பொருளில் அது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ஒன்றாகவும் கூறப்படுகிறது. அச்சொல்லே மளிகைக் கடைக் கணக்கில் 'பாக்கி'யாக நம் தமிழில் வழங்குகிறது. செல்வமும் மக்களும் இவ்வுலக வாழ்வின் அலங்காரங்கள். நிலைத்திருக்கும் நற்செயல்களே சிறந்தவை என அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் 46-ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்நற்செயல்களைக் குறிக்கும் 'பாகியாத்துஸ் ஸாலிஹாத்' என்ற சொற்றொடரே வேலூர் அரபிக் கல்லூரியின் பெயர். அங்குப் பட்டம் பெற்ற ஆலிம்கள் 'பாகவி' எனப்படுவதும் அதனால்தான்.

ஜனாஸா தொழுகைக்கு முன், "மய்யித்திடம் யாருக்கேனும் பாக்கி வரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் தெரிவியுங்கள்" என்று அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். மனிதன் விட்டுச் செல்லும் பாக்கி இருவகை. ஒன்று, அவன் தீர்க்காத கடன். மற்றொன்று, அவன் இறந்தபின்னும் நன்மை சேர்ப்பது: நிலையான தருமம், பயன்தரும் கல்வி, அவனுக்காகத் துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. இம்மூன்றையும் அண்ணலார் (ஸல்) அவர்களே எண்ணிக் காட்டியுள்ளார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. இன்றிரவே ஒரு தாளில் உங்கள் கடன்களை எழுதி, வீட்டாரிடம் காட்டிவிடுங்கள். அதன் அடியில் இன்னொரு வரிக்கும் இடம் விடுங்கள்: நான் போனபின் என் கணக்கில் நன்மையாய் எஞ்சப்போவது எது? அவ்வரி வெறுமையாய் நில்லாதிருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!