உடம்பு வதோதரா, எஞ்சின் கனடா

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு பாதைகளை மறித்தது. தலவாக்கலையில் லொறி நின்றால் அரிசியும் நிற்கும். அந்த நாட்களில் இந்திய விமானப்படையின் சி-130ஜே, ஐஎல்-76 விமானங்கள் நிவாரணப் பொருட்களுடன் கொழும்புக்கு வந்தன. முதலாவது அமெரிக்கத் தயாரிப்பு, மற்றது சோவியத் காலத்தது.

சரக்கு விமானங்களுக்கு இப்படி வெளிநாட்டை நம்பியிருக்கும் குறையைத் தீர்க்கத்தான் இந்தியா குஜராத்தின் வதோதராவில் டாட்டா-ஏர்பஸ் தொழிற்சாலையை 2024 ஒக்டோபர் 28 அன்று திறந்தது. மொத்தம் 56 சி-295 சரக்கு விமானங்கள். 16 ஸ்பெயினிலிருந்து, மிச்சம் 40 வதோதராவில். ஆனால் எஞ்சின் பிராட் அண்ட் விட்னி கனடாவினுடையது.

எஞ்சினை ஏன் வெளியிலிருந்து வாங்க வேண்டும்? விமான டர்பைன் எஞ்சினின் சூடான பகுதியில் கைவிரல் அளவு தகடுகள் சுழல்கின்றன. சுற்றியுள்ள வாயுவின் சூடு, அந்த உலோகம் உருகும் அளவையே தாண்டக்கூடும். அதனால் நவீன எஞ்சின்களில் தகட்டை ஒரே படிகமாக வார்த்து, குளிர்காற்று ஓட மெல்லிய துளைகளும் இடுகிறார்கள். இந்த வித்தையை யாரும் சும்மா சொல்லித் தருவதில்லை. 1980களின் இறுதியில் இந்தியா தொடங்கிய காவேரி எஞ்சினே தேஜஸ் போர் விமானத்தில் ஏறவில்லை. தேஜஸ் பறப்பது அமெரிக்க எஞ்சினில்.

சீனாவுக்கும் இதே கதைதான். அதன் ஒய்-20 சரக்கு விமானம் முதலில் ரஷ்ய எஞ்சினோடுதான் பறந்தது. இலங்கை விமானப்படையிடம் உள்ள சீனத் தயாரிப்பான ஒய்-12 விமானத்துக்கும் எஞ்சின் கனடாவிலிருந்துதான்.