வாடகைக்கு ஒரு கோடை

துருக்கியின் தென்மேற்குக் கடற்கரைக்குச் சுற்றுலா பணத்தைக் கொண்டுவந்தது. கூடவே, வீடு யாருக்கு என்ற பழைய கேள்வியையும்.

இரவு பத்து மணிக்குத்தான் ஹிசாரோனு விழித்துக்கொள்கிறது. தெருவின் இருபுறமும் பார்கள், ஆங்கிலத்தில் விலைப்பட்டியல்கள், டிவி திரைகளில் பிரிட்டிஷ் கால்பந்து. விடிந்ததும் அதே தெருவில் முட்டை, பீன்ஸ், பன்றி இறைச்சி சகிதம் அசல் ஆங்கிலக் காலை உணவு. இது துருக்கி என்பதை அவ்வப்போது மசூதியின் பாங்கொலிதான் நினைவுபடுத்துகிறது.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் பைன் காட்டைத் தாண்டினால் காயாகோய். மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான கல் வீடுகள். கூரை இல்லை, கதவு இல்லை, ஆளும் இல்லை. லெவிசி என்ற பெயரில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர் இது. 1923-ல் லொசானில் கையெழுத்தான ஒப்பந்தப்படி துருக்கியும் கிரீசும் மத அடிப்படையில் மக்களைப் பரிமாறிக்கொண்டன. சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் அந்தப் பக்கம். 4 லட்சம் முஸ்லிம்கள் இந்தப் பக்கம். 1947-ஐ அறிந்த இந்தியருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காலியான வீடுகளில் மிஞ்சியிருந்தவற்றை 1957-ல் ஃபெத்தியே பூகம்பம் மேலும் சிதைத்தது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே வளர்ந்திருப்பதுதான் வில்லா வியாபாரம். டாலமான் விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரில் ஒன்றிரண்டு மணி நேரம் பயணித்தால் ஒரு தனி வீடு, சொந்த நீச்சல் குளம், சமையலறை, கண்ணெதிரே மத்தியதரைக் கடல். வாடகை தலைக்கு அல்ல, வீட்டுக்கு என்பதால் இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். பகலில் ஓலூதெனிஸ் காயலில் குளியல் அல்லது 1,969 மீட்டர் உயர பாபாதாக் மலையிலிருந்து பாராகிளைடிங். மாலையில் ஊருக்குள் கூத்தும் கும்மாளமும். அலுத்துப்போனால் திரும்பிவந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஹோட்டலில் கிடைக்காத சௌகரியம் அந்தக் கதவுதான்.

அந்தக் கதவுக்கு வேறொரு வாடிக்கையாளரும் உண்டு. கல்கன் நகருக்கு மேலே உள்ள இஸ்லாம்லர் கிராமத்தில், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி மறைப்புக் கட்டிய குளங்களோடு வில்லாக்கள் இருக்கின்றன. 'கட்டுப்பாடான குடும்பங்களுக்கு' என்றே விளம்பரம். பர்தா அணியும் பெண்கள் தயக்கமின்றி நீந்தலாம். கடற்கரையில் பிகினி, மலையில் மதில்: துருக்கியின் இரு முகங்களும் ஒரே சாலையில்.

கல்கனில் சுற்றுலா புரட்டிப் போட்டது பருவத்தையே. முன்பெல்லாம் கோடை வந்தால் மக்கள் வெயிலுக்கும் கொசுவுக்கும் தப்பி பெஸிர்கன் மேட்டுநிலத்துக்கு ஏறிவிடுவார்கள். அவர்களுடைய பழைய மரக் குதிர்கள் இன்னமும் அங்கே நிற்கின்றன. கோடையில் காலியான ஊர் இன்று கோடையில்தான் நிரம்புகிறது. நவம்பரில் உணவகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, பரிமாறியவர்களும் படகோட்டியவர்களும் அடுத்த ஏப்ரலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

பணம் வராமல் இல்லை. 2024-ல் துருக்கிக்கு வந்தவர்கள் சுமார் 6.2 கோடி பேர். வருமானம் சுமார் 6,100 கோடி டாலர். ஆனால் அது எந்த நாணயத்தில் கைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். வெளிநாட்டவருக்கு விடப்படும் வில்லாக்களின் வாடகை பெரும்பாலும் பவுண்டிலோ யூரோவிலோ பேசப்படுகிறது. குளத்தைச் சுத்தம் செய்பவருக்கும் படுக்கை விரிப்பவருக்கும் சம்பளம் லிராவில். 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியபோது இந்த வித்தியாசம் எல்லோருக்கும் புரிந்தது. ஒரு வாரத்துக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் வீட்டை, உள்ளூர் ஆசிரியருக்கு ஆண்டு முழுவதும் வாடகைக்கு விட எந்த உரிமையாளருக்கு மனம் வரும்?

அரசு தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 100 நாள் வரையிலான சுற்றுலா வாடகைக்குக் கலாசாரம் மற்றும் சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி தேவை. வாசலில் அதற்கான பலகை தொங்க வேண்டும். அடுக்குமாடி வீடென்றால் மற்ற உரிமையாளர்கள் அனைவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கதை முடிந்தது. அனுமதியின்றி வாடகைக்கு விட்டால் 1 லட்சம் லிரா அபராதம் என்று சட்டம் விதித்தது. தனித்து நிற்கும் வில்லாக்காரருக்கோ அண்டை வீட்டார் தொல்லை இல்லை. பலகையை மாட்டிவிட்டு அவர் நிம்மதியாக இருக்கலாம்.

வேறு வழியே இல்லையா? கல்கனுக்கு அருகில் பதாரா இருக்கிறது. சுமார் 18 கிலோமீட்டர் மணல்வெளி. அதன் ஓரத்தில் ஒரு வில்லாகூட இல்லை. பண்டைய லிசிய நகரத்தின் இடிபாடுகளும், முட்டையிட வரும் கடலாமைகளும் அதைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆமைகளின் பருவத்தில் இரவானால் மனிதர்களுக்கு அங்கே அனுமதியில்லை. ஆமைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாகிவிட்டது. ஆசிரியருக்கும் பணியாளருக்கும்தான் இன்னும் ஒதுக்கவில்லை.

குளிர்காலத்தில் மலைச்சரிவு வில்லாக்களின் ஜன்னல்கள் சாத்தப்படும்போது, கடற்கரை நெடுக வீடுகள் ஆளின்றிக் கிடக்கும். காயாகோயை விட்டு மக்கள் துரத்தப்பட்டார்கள். இங்கே குடியிருக்க யாரும் வரவே இல்லை.