கணிப்பொறியை வினவுவோம்

ஒரு மொழியைக் கற்க விரும்புவோர் அம்மொழியில் பேசிப் பழகுதல் வேண்டும். இலக்கண நூலை மட்டும் ஓதிப் பேச்சில் வல்லவராயினார் இலர். கணிப்பொறிக்கு ஏவல் இடுதற்கென அமைந்த நிரல்மொழிகளுக்கும் இஃது ஒக்கும். அவற்றுள் ஒன்றாகிய பைத்தான் மொழியோடு நேரே உரையாடுதற்கு ஒரு வாயில் உண்டு. அதனை ஷெல் என்பர்.

பைத்தானை இயற்றியவர் நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ராசம் ஆவார். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1989ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தொடங்கிய பணி, 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. பைத்தான் என்பது மலைப்பாம்பைக் குறிக்கும் சொல்லாயினும், இம்மொழியின் பெயர் ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றன் பெயரிலிருந்தே கொள்ளப்பட்டது.

ஷெல்லைத் திறந்தவுடன் >>> என்னும் குறி தோன்றும். 'ஆயத்தமாக உள்ளேன்; வினவுக' என்பதே அதன் பொருள். அவ்விடத்தில் 7 + 5 என எழுதி எண்டர் விசையை அழுத்துக. அடுத்த வரியில் 12 என விடை வரும். எழுதியதைப் படித்தல், அதன்படி செய்தல், விடையைக் காட்டுதல், அடுத்த வினாவை எதிர்நோக்குதல் ஆகிய நான்குமே ஷெல்லின் தொழில்களாம்.

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைக்கும் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் வேண்டிய நெல் எத்துணை? 2 ** 64 - 1 என வினவுக. இரண்டு உடுக்குறிகள் சேர்ந்து அடுக்கைக் குறிக்கும். 18446744073709551615 என்னும் விடை, ஓர் இலக்கமும் பிழையாமல் நொடிப்பொழுதில் வரும்.

எண்களுக்குப் பெயரிட்டும் பழகலாம். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். நீளம் = 12 என ஒரு வரியிலும், அகலம் = 5 என மறு வரியிலும் எழுதுக. பின்னர், நீளம் * அகலம் என்று வினவினால் 60 என்னும் பரப்பு கிடைக்கும். 'நீளம்' என்பதனை 'நீலம்' என எழுதினால் யாதாகும்? அப்பெயர் வரையறுக்கப்படவில்லை என ஆங்கிலத்தில் மறுமொழி வரும். லகர ளகர வேறுபாட்டைத் தமிழாசிரியர் மட்டுமே வற்புறுத்துவர் என எண்ணற்க. பொறியும் அப்பிழையைப் பொறாது! ஆயினும் அஞ்ச வேண்டா. இத்தகைய எழுத்துப் பிழையால் கணிப்பொறி பழுதடைவதில்லை. பிழைச்செய்தியின் இறுதி வரியில் பிழையின் வகையும் காரணமும் இருக்கும். அதனைப் படித்துத் திருத்தி மீண்டும் எழுதுக.

மற்றொரு வினாவும் காண்போம். சொல்லின் நீளத்தைக் காட்டும் லென் என்னும் ஏவலிடம், 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்தால் 5 என விடை வரும். நம் இலக்கணப்படி அச்சொல்லில் உள்ளவை மூன்றே எழுத்துகள் அல்லவா? கணிப்பொறி, மகரத்தையும் அதனோடு சேர்ந்த இகரக் குறியையும் இரண்டாகவும், ழகரத்தையும் அதன் புள்ளியையும் இரண்டாகவும் எண்ணுகின்றது. தகரத்தோடு கூட ஐந்தாயிற்று. எனவே, தமிழுக்கு நிரல் எழுதுவோர் எழுத்தெண்ணும் முறையைத் தாமே அதற்குக் கற்பித்தல் வேண்டும்.

ஷெல்லை மூடினால் அதில் இட்ட பெயர்களும் மதிப்புகளும் மறைந்துவிடும். ஆதலின், நிலைத்திருக்க வேண்டிய நிரலைக் கோப்பில் எழுதிச் சேமித்தல் வேண்டும்; ஐயம் எழுந்தபோது ஷெல்லில் வினவித் தெளிதல் வேண்டும்.

வினாவுதலையும் விடை கூறுதலையும் கற்கும் நெறிகளாகவே நன்னூலார் கொண்டார். மாணவர்களே! விடை இதுவாகும் என முதலில் நீங்களே உள்ளத்தில் கணித்து, அதன்பின் விசையை அழுத்துங்கள். இரண்டும் ஒத்தால் மகிழுங்கள். வேறுபட்டால் காரணத்தைத் தேடுங்கள். அத்தேடலே உங்களுக்கு அறிவைத் தரும்.