டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள்!
குழந்தைகளோடு வாகன அருங்காட்சியகம் போகிற பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளி விடுமுறை விட்டால் சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகம், கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் என்று குழந்தைகளோடு கிளம்புகிறவர்கள் பலர். 2002இல் திறக்கப்பட்ட சென்னை அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன. பொம்மை ரயிலும் உண்டு. கோவையில் பழைய கார்கள் கூரைக்குக் கீழே அணிவகுக்கின்றன. பொம்மை ரயிலைத் தவிர இவை எல்லாமே பெரியவர்களுக்காகச் செய்த வண்டிகள். 3 வயதுக் குழந்தை ஏறி விளையாடும் என்று நினைத்து யாரும் படிக்கட்டு வைக்கவில்லை.

எங்கே அடிபடும்?

எஞ்சின் படிக்கட்டு ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். ஏறிவிடுகிற பிள்ளைக்கு இறங்கத் தெரியாது; முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு இறங்கப் பார்த்துத்தான் விழும். வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கச் சொல்லிக் கொடுங்கள். கீழே ஒருவர் நின்றே ஆக வேண்டும். பெட்டிக் கதவில் கீல் இருக்கும் பக்கம், இரண்டு பெட்டிகளை இணைக்கும் கொக்கி, சக்கரத்தின் ஆரங்கள் – இந்த மூன்றும் விரல் மாட்டும் இடங்கள். உச்சி வெயிலில் இரும்பு சுடும் என்பதால் காலை நேரமே நல்லது. பொம்மை ரயிலில் குழந்தையை உள்பக்கம் உட்கார வையுங்கள். ஓரத்தில் நீங்கள் உட்காருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பது சாதாரணம். வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில்கூட ஈயம் 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. உரிந்த பெயின்ட்டைத் தொட்ட கை வாய்க்குப் போவதே சிக்கல். குறிப்பாக 6 வயதுக்குட்பட்டவர்களின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். சானிடைசர் ஈயத்தைப் போக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் முறுக்கோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டும்.

துருப்பிடித்த தகரம் கீறினால் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எதிரான தடுப்பூசியின் ஊக்கத் தவணைகள் 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றும், 5-6 வயதில் ஒன்றும் போடப்படுகின்றன. தடுப்பூசி அட்டையைச் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தால், மருத்துவர் கேட்கும்போது விழிக்க வேண்டியதில்லை.

நுழைவாயிலிலேயே குழந்தையை முழு உருவமாக ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் காணாமல் போனால் “என்ன சட்டை போட்டிருந்தான்?” என்ற கேள்விக்குப் பதற்றத்தில் பதில் வராது. உங்கள் செல் நம்பரைச் சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் வையுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் காவலரிடமும் அலுவலகத்திலும் உடனே சொல்லி, வாயில்களைக் கவனிக்கக் கேளுங்கள். தாமதிக்காமல் அவசர உதவி எண் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். தூங்கிவிட்ட குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுவிட்டு, “ஐந்தே நிமிடம்” என்று யாரும் போக வேண்டாம். வெயிலில் நிற்கும் கார் அந்த ஐந்து நிமிடத்திலேயே சூடேறத் தொடங்கிவிடும்.

டிக்கெட் தரும் உரிமை

கட்டணம் கொடுத்து உள்ளே போகிறவர் நுகர்வோர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருகிறவரின் அலட்சியத்தால் காயமோ இழப்போ ஏற்பட்டால் அது சேவைக் குறைபாடு. குழந்தைக்கு டிக்கெட் இலவசம் என்றால்? காசு கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு சேவையின் பயனைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான் என்கிறது சட்டம். 1998இல் ஒரு மருத்துவமனை வழக்கில், சிகிச்சை பெற்ற குழந்தையும் நுகர்வோர், கட்டணம் செலுத்திய பெற்றோரும் நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

“விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று பலகை வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பின்வாங்கத் தேவையில்லை. ஓட்டல் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று சீட்டில் அச்சடித்துவிட்டுத் தன் அலட்சியத்திலிருந்து ஓட்டல் தப்பிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சமயம், தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பிள்ளையைத் தூக்கி வைத்து செல்ஃபி எடுத்தால், உங்கள் தரப்பு வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.

அடிபட்டால் என்ன செய்வது?

முதலில் சிகிச்சை; 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அரசு மருத்துவமனையில் எப்படி, எங்கே அடிபட்டது என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று அங்கே சொல்லும் விபத்துப் பதிவேட்டின் நகல் பின்னால் முக்கியச் சாட்சியாக நிற்கும். உடைந்த படி, கழன்ற கைப்பிடி எதுவானாலும் அன்றைக்கே படமெடுங்கள், மறுநாள் பழுதுபார்த்துவிடக்கூடும். அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். காயம் பெரிதென்றால் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 சமரசத்துக்கு உதவும். அது பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். சுற்றுலா போன ஊருக்கு அலைய வேண்டாம்; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. பலரும் அறியாத ஒரு சலுகை: கேட்கும் இழப்பீட்டை வைத்து மனுக் கட்டணம் கணக்கிடப்படுவதில்லை; சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகைதான் கணக்கு. அந்தத் தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமே இல்லை. அருங்காட்சியக டிக்கெட்டுக்கு என்ன கட்டணம் வந்துவிடப்போகிறது? ஆனால் அந்த டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

அடிபடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அரசோ ரயில்வேயோ நடத்தும் அருங்காட்சியகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. “பொம்மை ரயிலைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? சோதனை அறிக்கையின் நகல் கொடுங்கள்” என்று 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்தக் கேள்வி மேசைக்கு வந்துவிட்டால், சோதிக்காத இடத்திலும் சோதனை தொடங்கும்.