விசாவுக்குப் போதும், பனிமலைக்குப் போதுமா?

ஐரோப்பா டூர் போகிற நம்ம ஆட்களில் பெரும்பாலோர் டிராவல் இன்சூரன்ஸ் எடுப்பது விசாவுக்காகத்தான். ஆன்லைனில் அஞ்சு நிமிஷத்தில் வாங்கி, பிரிண்ட் எடுத்து, ஃபைலில் வைத்துவிடுகிறோம். ஊர் சுற்றிப் பார்க்க அது போதும். ஆல்ப்ஸில் ஸ்கீயிங் பண்ணும் திட்டம் இருந்தால் போதாமல் போகலாம். ஏன்னு பார்ப்போம்.

ஷெங்கன் விசாவுக்கான சட்டம் 2009-ல் வந்தது. அதன் 15-வது பிரிவு கேட்பது இவ்வளவுதான்: குறைந்தது 30,000 யூரோ கவர், எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடி ஆகணும், தங்கும் நாட்கள் முழுக்க இருக்கணும், அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, மருத்துவக் காரணத்துக்காக ஊர் திரும்புதல், இறப்பு ஆகியவை அடங்கணும். எப்படி அடிபட்டது என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதனால் ஸ்கீயிங்கை விலக்கி வைத்த பாலிசியைக் காட்டியும் விசா வாங்கிவிட முடியும். பிரச்சினை தெரிய வருவது கால் உடைந்த பிறகுதான்.

சரிவில் விழுந்தவரின் செலவை மூணாகப் பிரிக்கலாம்: மலையிலிருந்து ஆஸ்பத்திரி வரை, ஆஸ்பத்திரியில், அங்கிருந்து ஊர் வரை. நாம் பொதுவாக நடுவில் இருப்பதை மட்டும்தான் யோசிப்போம். ஆனால் முதல் பகுதியே பெரிய பில் ஆகலாம். பிரான்சில் 1985-ஆம் வருட மலைச் சட்டம், ஸ்கீ விபத்து மீட்புச் செலவை அடிபட்டவரிடமே வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி கொடுத்தது. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்தால் சில ஆயிரம் பிராங்க் ஆகும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கணும். நம்ம பாலிசிகளில் "மெடிக்கல் எவாக்குவேஷன்" இருக்கும். பல பாலிசிகளில் அதன் பொருள், கம்பெனியின் முன் அனுமதியோடு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. பனியில் கிடப்பவரைத் தூக்கி வருவது வேறு. "தேடுதல், மீட்பு" என்று தனியாக எழுதியிருக்கா, அதற்கு எவ்வளவு வரம்பு என்று பாருங்க. பிரான்சில் லிஃப்ட் டிக்கெட்டோடு ஒரு நாளுக்குச் சில யூரோவில் "காரே நேஜ்" என்ற கவர் விற்கிறார்கள். மீட்புச் செலவு அதில் அடங்கும்.

அடுத்தது விலக்குகள் பட்டியல். கவர் தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னாடி இதைத்தான் படிக்கணும். இந்தியாவில் சாதாரண ஹெல்த் பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கு, "தொழில்முறையாக" ஈடுபடுபவருக்கு மட்டும்தான். பொழுதுபோக்காக ஆடுபவருக்கு இல்லை. டிராவல் பாலிசியிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீங்க. பலவற்றில் "தொழில்முறையாக" என்ற அந்த ஒரு வார்த்தை இருக்காது. அது இல்லையென்றால், ரெண்டு நாள் ஸ்கீ கிளாஸ் போனவரும் விலக்குக்குள் வந்துவிடுவார். சில பாலிசிகளில் கூடுதல் பிரீமியம் கட்டி இதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கீ மட்டும்தான் என்றில்லை, டிட்லிஸ் மாதிரி இடங்களில் ஸ்லெட்ஜில் சறுக்குவதும் பட்டியலில் இருக்கலாம்.

சேர்த்த பிறகும் நிபந்தனை இருக்கும். குறியிட்ட சறுக்குப் பாதைக்குள் மட்டும்தான் கவர் என்பது அடிக்கடி வரும் ஒன்று. பாதையை விட்டு வெளியே போவது பெரிய சாகசக்காரர்கள் வேலை என்று தோணும். மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று மெரிபெலில் விழுந்தது, குறியிட்ட பாதையிலிருந்து சில மீட்டர் தள்ளித்தான். எல்லைக்கோடு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. மது அருந்தியிருந்தால் கிளெய்ம் கிடையாது என்பதும் கிட்டத்தட்ட எல்லா பாலிசியிலும் உண்டு. மதியச் சாப்பாட்டோடு ஒரு ஒயின் என்பவர்கள் யோசிக்கணும்.

நாம் மறந்துபோகும் இன்னொன்று: நாம் இடித்து அடுத்தவருக்கு அடிபட்டால்? சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் பத்து நடத்தை விதிகளின்படி, பின்னால் வருபவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராதபடி வழியைத் தேர்ந்தெடுக்கணும். இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல், சரிவில் இறங்க மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். நம்ம பாலிசியில் அந்தப் பகுதி இருந்தாலும் ஸ்கீயிங் அதில் அடங்குமா என்று தனியாகப் பார்க்கணும்.

சரி, என்ன பண்ணலாம்? வாங்குவதற்கு முன் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. எந்த நாடு, எந்தத் தேதி, யார் யாருக்கு என்ன வயசு, என்னென்ன பண்ணப் போறோம் என்று வரிசையாக எழுதி, "மலை மீட்பு, சிகிச்சை, ஊர் திரும்புதல், மூன்றாம் நபர் பொறுப்பு நாலுக்கும் கவர் உண்டா, வரம்பு எவ்வளவு, நம் கையிலிருந்து எவ்வளவு?" என்று கேளுங்க. கூட வரும் அப்பா அம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்தால், ஒவ்வொரு செலவுக்கும் உள்வரம்பு உண்டா என்றும் கேளுங்க. போனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்வது கிளெய்ம் நேரத்தில் உதவாது, எழுத்தில் வந்த பதில் உதவும். பதில் வரவில்லை என்றால் வேறு கம்பெனி பாருங்க.

பாலிசி நம்பரையும் உதவி எண்ணையும் பேப்பரில் எழுதி ஜாக்கெட் பையில் வையுங்க, குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். விபத்து நடந்தால் முதலில் மீட்புக் குழுவைக் கூப்பிடணும், ஐரோப்பா முழுக்க 112. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அதற்கப்புறம், ஆனால் ஆஸ்பத்திரியில் எதிலும் கையெழுத்துப் போடும் முன் சொல்லிவிடணும்.